டேப்போட அந்த முனையை நாம பிடிப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை)



நான் மேடை ஏறிப் பேசுறது இதுதான் முதல் தடவை. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். கணக்குப் பாடத்தில் பாஸ் மார்க் வாங்கினதே பெரிசு. அப்படிப்பட்ட என்னை "வீட்டு அளவு பத்தி நீதான் பேசணும்"னு தலைவி அக்கா சொன்னப்போ எனக்குச் சிரிப்புதான் வந்தது. "நீ பட்டதைச் சொல்லு, அது போதும்"னாங்க. அதனால பட்டதைச் சொல்றேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீங்க, பெருக்கல் மட்டும்தான்.

எங்க அம்மா எனக்குச் சீராக் கொடுத்த மனை பத்துக் குழி. நடவுக்குப் போன எல்லாருக்கும் குழி தெரியும். நூறு குழி ஒரு மா. ஒரு குழின்னா பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, 144 சதுர அடி. பத்துக் குழின்னா 1,440 சதுர அடி. எங்க மனை அகலம் 30 அடி, நீளம் 48 அடி. பெருக்கிப் பாருங்க, சரியா வரும். சென்ட் கணக்கில் சொன்னா ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதனால மூணே கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட. பட்டாவில் மீட்டர் கணக்கில் போட்டிருப்பாங்க. ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. எங்க மனை கிட்டத்தட்ட 134 சதுர மீட்டர். குழி, சென்ட், சதுர அடி, சதுர மீட்டர்னு பேர்தான் நாலு, மண்ணு ஒண்ணுதான்.

போன வருஷம் அந்த மனையில் வீடு கட்டலாம்னு முடிவு பண்ணோம். எங்க குழுவில் எனக்கு ஒரு லட்சம் ரூபாய் கடன் ஒதுக்கித் தீர்மானம் போட்டாங்க. என் வீட்டுக்காரர் கொஞ்சம் சேர்த்து வச்சிருந்தார். கூலி ஒப்பந்தம் சதுர அடிக்கு 400 ரூபாய்னு மேஸ்திரிகிட்ட பேசியாச்சு. பொருள் நம்மது, கூலி மட்டும் அவருக்கு.

அன்னைக்கு ராத்திரி நான் ஒரு நோட்டில் கணக்குப் போட்டேன். முன்னால ஹால் பதினெட்டரை அடிக்குப் பன்னிரண்டு அடி, 222 சதுர அடி. படுக்கிற ரூம் பத்துக்குப் பத்து, 100. குளியலறை பத்துக்கு அஞ்சு, 50. சமையல்கட்டு ஏழே முக்காலுக்குப் பதினஞ்சே முக்கால், 122. எல்லாம் கூட்டினா 494. கூலி 1,97,600 ரூபாய். ரெண்டு லட்சத்துக்குள்ள முடிஞ்சிடும்னு நிம்மதியாத் தூங்கினேன்.

கடைசியில் அந்த வீட்டுக்கு நான் கொடுத்த கூலி 2,80,000 ரூபாய். மேஸ்திரி என்னை ஏமாத்தலை. அவர் அளந்தது சரிதான். நான் அளந்ததும் சரிதான். ரெண்டு பேரும் வேற வேற இடத்தில் டேப்பை வச்சோம், அவ்வளவுதான். 82,400 ரூபாய் வித்தியாசம். அதுக்காக என் ரெண்டு சவரன் செயின் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கு. இந்த மாதிரி இன்னொரு செயின் போகக்கூடாதுன்னுதான் இங்க நிக்கிறேன்.

நான் அளந்தது ரூமுக்குள்ள. சுவருக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடம். ஆனா பிளான் போடுறவரும், ஊராட்சியிலோ நகராட்சியிலோ பார்க்கிறவங்களும் வெளிச்சுவரோட வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரைக்கும் அளப்பாங்க. சுவர் நிக்கிற இடமும் வீடுதான்னு அர்த்தம். மண்பானையும் எவர்சில்வர் குடமும் வெளியில் பார்க்க ஒரே அளவு இருந்தாலும், பானையில் தண்ணி கம்மியாத்தான் பிடிக்கும் இல்லையா? கனம் அது. வீட்டுச் சுவரும் அப்படித்தான்.

எங்க வீட்டு வெளி அளவு இருபதுக்கு முப்பது. 600 சதுர அடி. வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், அதாவது முக்கால் அடி. ரெண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை அடி போயிடுது. இருபதில் ஒன்றரை போனா பதினெட்டரை. முப்பதில் ஒன்றரை போனா இருபத்தெட்டரை. ரெண்டையும் பெருக்கினா 527 சதுர அடி. அதுக்குள்ள ரூமைப் பிரிக்கிற சுவர்கள் 33 சதுர அடி தின்னுடுது. மிச்சம்தான் என் நோட்டில் இருந்த 494. பாருங்க அக்கா, வெறும் சுவர் மட்டுமே 106 சதுர அடி. நம்ம படுக்கிற ரூமை விடப் பெரிசு! நான் கட்டின சுவருக்குக் காசு கணக்குப் போடாமலே இருந்திருக்கேன்.

ஆக ஒரே வீட்டுக்கு எத்தனை அளவு இருக்குன்னு வரிசையாச் சொல்றேன், மனசில் வச்சுக்குங்க.

முதல் அளவு, நாம புழங்குற இடம். எங்க வீட்டில் 494. கட்டில் போட, பீரோ வைக்க, டைல்ஸ் வாங்க இந்த அளவு உதவும். அனுமதிக்கு உதவாது.

ரெண்டாவது, கார்ப்பெட் ஏரியான்னு சொல்றது. திருச்சியில் ஃபிளாட் வாங்கணும்னு உங்க பிள்ளைங்க பேசும்போது இந்தச் சொல் காதில் விழும். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தில் இதுக்கு விளக்கம் சொல்லியிருக்கு. வெளிச்சுவர் சேராது, பால்கனி சேராது, மொட்டை மாடி சேராது. ஆனா உள்ளே ரூமைப் பிரிக்கிற சுவர் சேரும். அந்தக் கணக்கில் எங்க வீடு 527. ஃபிளாட் விக்கிறவர் வெளி அளவு, பொது வழி எல்லாம் சேர்த்துப் பெரிய நம்பரைச் சொன்னா, "கார்ப்பெட் ஏரியா எவ்வளவுங்க?"ன்னு கேளுங்க. அவர் சொல்லித்தான் ஆகணும்.

மூணாவது, வெளிச்சுவர் அளவு. பிளின்த் ஏரியான்னு சொல்வாங்க. எங்களுக்கு 600.

நாலாவது, கூரை போட்டுத் தூண் நிறுத்தின எல்லாத்தையும் சேர்த்த அளவு. எங்களுக்கு 700. இந்த நூறு எங்கிருந்து வந்ததுன்னு கேட்பீங்க. அதுதான் என் கதையோட முக்கியமான இடம். அது எங்க அத்தையோட திண்ணை.

எங்க மாமியாருக்கு எழுபது வயசு தாண்டிடுச்சு. அவங்களுக்கு நாலு சுவருக்குள்ள தூக்கம் வராது. பழைய கூரை வீட்டிலேயும் திண்ணையில்தான் படுப்பாங்க. அதனால புது வீட்டுக்கு முன்னால இருபது அடி நீளத்துக்கு, அஞ்சு அடி அகலத்துக்கு ஒரு திண்ணை, மேல கான்கிரீட் தளம், முன்னால ரெண்டு தூண்னு வீட்டில் எல்லாரும் பேசி வச்சிருந்தோம்.

என் வீட்டுக்காரர் பிளான் போடுறவர்கிட்ட ஃபோனில் "இருபதுக்கு முப்பது"ன்னு மட்டும் சொல்லிட்டார். திண்ணையைச் சொல்லலை. வேணும்னு மறைக்கலை. திண்ணை வீடு இல்லைன்னு நினைச்சுட்டார். பிளான் 600 சதுர அடின்னு வந்தது. மனை என் பேரில் இருக்கிறதால நான்தான் கையெழுத்துப் போட்டேன். பிளானில் 55.75-ன்னு எழுதியிருந்ததைப் பார்த்து, "ஐயய்யோ, ஐம்பத்தஞ்சு அடியாப் போட்டுட்டாங்களே"ன்னு ஒரு நிமிஷம் பதறிட்டேன். அது சதுர மீட்டராம். 55.75-ஐ 10.764-ஆல் பெருக்கினா 600 வருது.

அனுமதி வந்தாச்சு. நல்ல நாள் பார்த்து மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டாங்க. நான் டீ கொண்டு போனேன். பார்த்தா முப்பது அடிக் கோட்டுக்கு முன்னால இன்னொரு அஞ்சு அடி கோடு. "மேஸ்திரி, பிளானில் முப்பதுதானே இருந்துச்சு?"ன்னேன். "திண்ணைக்கெல்லாம் எதுக்கும்மா பிளான்"னு சிரிச்சார். என் வீட்டுக்காரரும் "உனக்கு எதுக்கு இதெல்லாம், போய் வேலையைப் பாரு"ன்னுட்டார்.

எனக்கு மனசு கேட்கலை. காரணம், கையெழுத்து என்னோடது. குழுவில் பத்து வருஷமாத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகினவ நான். படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போடாதேன்னு நமக்குச் சொல்லிக் கொடுத்தது இந்தக் கூட்டமைப்புதானே.

பிளான் போட்டவரை நானே ஃபோனில் பிடிச்சேன். அவர் தெளிவாச் சொன்னார். "கான்கிரீட் தளம் போட்டு, தூண் நிறுத்தி, தரை உயர்த்திக் கட்டினா அது கட்டடப் பரப்பில் சேரும்மா. கதவு, ஜன்னல் இல்லைங்கிறதால விட்டுடக் கூடாது. முன்னால விட வேண்டிய காலி இடத்தையும் வாசக்கதவிலிருந்து அளக்க மாட்டாங்க, திண்ணையோட விளிம்பிலிருந்துதான் அளப்பாங்க."

அந்தக் காலி இடத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. செட்பேக்னு சொல்வாங்க. ரோட்டோட அகலம், மனையோட அகலம், கட்டடத்தோட உயரம் இதையெல்லாம் வச்சு எந்தப் பக்கம் எவ்வளவு விடணும்னு விதி இருக்கு. காத்து வரணும், வெளிச்சம் வரணும், தீப்பிடிச்சா ஆள் போய் வரணும், அதுக்குத்தான். எங்க மனையில் ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு அடி, கொல்லையில் ஏழு அடி விட்டிருக்கோம். முன்னால திண்ணை இல்லாம இருந்தா பதினொரு அடி இருந்திருக்கும், திண்ணையோட இப்போ ஆறு அடி. நல்ல வேளை, அதுவும் விதிக்குள்ளதான் இருந்தது. மனை இன்னும் நாலு அடி குட்டையா இருந்திருந்தா திண்ணையே கிடைச்சிருக்காது.

"வேலையை நிறுத்துங்க"ன்னு சொன்னேன். வீட்டில் பெரிய சண்டை. சித்தாள், கொத்தனார் எல்லாம் வந்து நிக்கிறாங்க, கூலி போகுது. எங்க அத்தை என்னைத் தனியாக் கூப்பிட்டு, "எனக்காக ஏம்மா சண்டை போடுற? திண்ணை வேண்டாம், ஒரு ஓரமாப் படுத்துக்கிறேன்"ன்னாங்க. அந்த வார்த்தைதான் என்னைக் கலங்க வச்சது. "அத்தை, திண்ணை இருக்கும். ஆனா கணக்கோட இருக்கும்"னு சொன்னேன். பத்து நாள் வேலை நின்னது. திருத்தின வரைபடம் போட்டு, கூடின நூறு சதுர அடிக்கும் பணம் கட்டி, 700 சதுர அடின்னு அனுமதி வாங்கி அதுக்கப்புறம்தான் வானம் தோண்டினோம்.

"இவ்வளவு சின்ன வீட்டுக்கு இவ்வளவு கெடுபிடியா?"ன்னு நீங்க கேட்கலாம். மனைக்கு இவ்வளவுதான் கட்டலாம்னு ஒரு எல்லை இருக்கு. அதுக்குப் பேர் தளப்பரப்புக் குறியீடு, எஃப்.எஸ்.ஐ.ன்னு சொல்வாங்க. எல்லா மாடியோட பரப்பையும் கூட்டி, மனைப் பரப்பால் வகுக்கணும். 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க நகரத்துக்கும் கிராமத்துக்கும் சேர்த்து வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, நம்மளை மாதிரி உயரம் குறைஞ்ச வீடுகளுக்கு இது 2 வரைக்கும் போகலாம். எங்க 1,440 சதுர அடி மனைக்கு 2,880 சதுர அடி வரைக்கும் இடம் இருக்கு. நாங்க கட்டினது 700, அரைப் பங்கு கூட இல்லை. அதனால அந்த எல்லையில் நம்ம ஊர்ப்பக்கம் யாரும் அவ்வளவாத் தட்டுப்பட மாட்டோம். நம்ம ஆளுங்க மாட்டுறது வேற இடத்தில். எழுதிக் கொடுத்த அளவும் கட்டின அளவும் ஒண்ணா இல்லாத இடத்தில்.

மாடி கட்டினா என்ன ஆகும்னு ஒரு தங்கச்சி கேட்டா. கீழே 600, மேலே 600 கட்டினா மொத்தப் பரப்பு 1,200. மண்ணில் 600-தான் உட்கார்ந்திருக்குன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியா அளப்பாங்க. அதே சமயம் சேர்க்காததும் இருக்கு. மொட்டை மாடிக்கு மேல மாடிப்படி வந்து ஏறுற இடத்தில் ஒரு கூண்டு கட்டுவோமே, அது எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேராது. மேல வைக்கிற தண்ணித் தொட்டி சேராது. காம்பவுண்டு சுவர் சேராது. ஜன்னலுக்கு மேல நீட்டுற சன்ஷேடு வீட்டுப் பரப்பு ஆகாது, ஆனா அது பக்கத்து மனைக்குள்ள போய் எட்டிப் பார்க்கக் கூடாது.

இங்க ஒரு எச்சரிக்கை. அனுமதிக்கு அளக்கிறது வேற, மேஸ்திரி கூலிக்கு அளக்கிறது வேற. சில பேர் சன்ஷேடையும் சேர்த்துக் கூலி கேட்பாங்க. சில பேர் படிக்கட்டைத் தனியாக் கேட்பாங்க. தப்புன்னு சொல்ல முடியாது, அது பேச்சு. அதனால பேசும்போதே "வெளி அளவா, உள் அளவா? சன்ஷேடு சேருமா? திண்ணைக்கு முழுக் கூலியா, பாதியா?"ன்னு கேட்டு, ஒரு வெள்ளைத்தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்குங்க. நான் அன்னைக்கு இந்த மூணு கேள்வியைக் கேட்டிருந்தா, கடனையாவது முன்கூட்டியே சரியா வாங்கியிருப்பேன்.

இப்போ நான் சொல்ல வந்த பெரிய விஷயத்துக்கு வரேன். 2024 ஜூலை 22-ஆம் தேதி முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறையில் கட்டட அனுமதி வந்திருக்கு. 2,500 சதுர அடி வரைக்கும் மனை, அதில் 3,500 சதுர அடி வரைக்கும் வீடு, தரைத்தளம் மட்டுமோ, தரைத்தளமும் முதல் தளமுமோ கட்டுறவங்களுக்குன்னு அப்போ இதைக் கொண்டு வந்தாங்க. ஒற்றைச் சாளர இணையதளத்தில் விவரமும் வரைபடமும் ஏத்திக் கட்டணம் கட்டினா உடனே அனுமதி. பரிசீலனைக் கட்டணம் கிடையாது. முடிச்சதுக்கு அப்புறம் பணி நிறைவுச் சான்று வாங்கவும் அவசியம் இல்லை. ஊராட்சியில் இருக்கிறவங்களுக்கும் இது உண்டு, 2021-ல் நகராட்சியா உயர்ந்த நம்ம லால்குடிக்கும் உண்டு, பூவாளூர், புள்ளம்பாடி மாதிரி பேரூராட்சிகளுக்கும் உண்டு.

ரொம்ப நல்ல வசதிதான். முன்னெல்லாம் ஒரு பிளானுக்கு எத்தனை தடவை நடக்கணும்! ஆனா சுயசான்றுன்னா என்ன அர்த்தம்? "நான் சொல்றது உண்மை"ன்னு மனைக்காரரே சான்று கொடுக்கிறது. முன்னால வந்து அளந்து பார்க்கிற ஆள் கிடையாது. தப்பா இருந்தா அனுமதியை ரத்து செய்ய அவங்களால முடியும். பொறுப்பு முழுக்கக் கையெழுத்துப் போட்டவங்க தலையில்.

அந்தக் கையெழுத்து யாரோடது? இனிமே நிறைய வீட்டில் அது பெண்களோடதுதான். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரைக்கும் மதிப்புள்ள வீடு, மனை, விவசாய நிலத்தைப் பெண்கள் பேரில் பதிஞ்சா பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அதனால "உன் பேரில் வாங்கலாம்"னு வீட்டுல சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க. சந்தோஷம். பத்திரத்தில் நம்ம பேர் ஏறுது. ஆனா அளவு தெரியாம பேர் மட்டும் ஏறினா, பழி ஏறுறதுக்கும் அதே பேர்தான்.

அனுமதி வாங்கியாச்சு, வீடும் கட்டியாச்சு, அதோட முடிஞ்சுதான்னா இல்லை. இதே அளவு திரும்பத் திரும்ப நம்மகிட்ட வரும். வீட்டு வரி போடும்போது வரும். 2022 ஏப்ரலில் நகராட்சி, பேரூராட்சிகளில் சொத்து வரியைச் சீரமைச்சப்போ, குடியிருப்புக்கு 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 601-லிருந்து 1,200 வரைக்கும் 50 சதவீதம், 1,201-லிருந்து 1,800 வரைக்கும் 75 சதவீதம், அதுக்கு மேல 100 சதவீதம்னு உயர்த்தினாங்க. டவுன் வார்டில் இருக்கிற அக்காங்களுக்கு இது நல்லாத் தெரியும். 590-க்கும் 610-க்கும் நடுவில் இருக்கிறது ஒரு துணி துவைக்கிற கல்லு போடுற இடம்தான், ஆனா உயர்வு ரெண்டு மடங்கு. உங்க வரி ரசீதில் எவ்வளவு பரப்பு போட்டிருக்குன்னு பாருங்க. கூட இருந்தா கேளுங்க, கேட்க உரிமை இருக்கு. கம்மியா இருந்தா அதையும் சரி பண்ணிக்குங்க, பின்னால தலைவலி.

பேங்க் கடனுக்குப் போனாலும் இதே அளவுதான். எங்க கூட்டமைப்பில் ஒரு அக்கா மகள் கல்யாணத்துக்கு வீட்டு மேல கடன் கேட்டாங்க. பேங்கில் இருந்து வந்தவர் பிளானைக் கையில் வச்சுக்கிட்டு வீட்டைச் சுத்தி வந்தார். மேல ஒரு ரூம், பக்கத்தில் ஒரு ரூம் பிளானில் இல்லை. பிளானில் இருக்கிற அளவுக்குத்தான் மதிப்புப் போட்டார். அந்த ரெண்டு ரூமுக்கும் அக்கா சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் போட்டிருந்தாங்க. காகிதத்தில் அந்த ரூம் இல்லவே இல்லை. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிட்டதால வெளி வட்டிக்கு வாங்கினாங்க. அந்த வட்டி என்னன்னு நமக்குத் தெரியும்.

அரசு வீட்டுத் திட்டத்திலேயும் அளவு இருக்கு. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தில் 200 சதுர அடி. 2011-ல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கிராமத்துக்குக் குறைஞ்சது 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி, சமையல் இடத்தோட சேர்த்து. இப்போ நடக்கிற கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். இதை விடப் பெரிசாக் கட்ட ஆசைப்படுறது தப்பில்லை. ஆனா கூடக் கட்டுற ஒவ்வொரு அடியும் நம்ம கைக்காசு. சுவர் மட்டுமே எத்தனை அடி தின்னும்னு மேலே பார்த்தோம் இல்லையா, அதைப் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் பெரிசு பண்ணுங்க.

சரி, வீடு கட்டப் போறவங்க என்ன செய்யணும்? நான் பட்டுத் தெரிஞ்சதை வரிசையாச் சொல்றேன்.

ஒண்ணு. முதலில் மனையை அளங்க. நாலு பக்கமும் அளங்க. பத்திரத்தில் இருக்கிறது, பட்டாவில் இருக்கிறது, மண்ணில் இருக்கிறது மூணும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒத்துப் போகலைன்னா பிளான் போடுறதுக்கு முன்னாடியே அதைச் சரி பண்ணுங்க.

ரெண்டு. வீட்டில் என்னென்ன வேணும்னு எல்லாரையும் வச்சுப் பேசுங்க. திண்ணை, மாட்டுக் கொட்டகை, வெளியில் கக்கூஸ், பின்னால போடுற சமையல் கொட்டகை, நாளைக்குப் போடப் போற போர்ட்டிகோ, ஒண்ணு விடாம பிளான் போடுறவர்கிட்ட சொல்லுங்க. எது சேரும், எது சேராதுன்னு அவர் சொல்லட்டும். நாமளா முடிவு பண்ண வேண்டாம்.

மூணு. பிளான் கையில் வந்ததும் நாலு நம்பரைத் தேடுங்க. மனைப் பரப்பு, ஒவ்வொரு தளத்தோட பரப்பு, மொத்தப் பரப்பு, நாலு பக்கமும் விட்ட காலி இடம். மீட்டரில் இருந்தா 10.764-ஆல் பெருக்கிச் சதுர அடியா மாத்துங்க. செல்போனில் கால்குலேட்டர் இருக்கு.

நாலு. சுண்ணாம்புக் கோடு போடுற அன்னைக்கு நீங்க அங்க இருங்க. பிளானையும் டேப்பையும் எடுத்துக்கிட்டுப் போங்க. கோட்டில் தப்பு இருந்தா அழிச்சுட்டு வேற கோடு போடலாம். கான்கிரீட்டில் தப்பு இருந்தா அழிக்க முடியாது.

அஞ்சு. பணத்துக்குக் கணக்குப் போடும்போது வெளி அளவில் போடுங்க. என்னை மாதிரி ரூமைக் கூட்டாதீங்க.

ஆறு. அனுமதிக் காகிதம், வரைபடம், கட்டணம் கட்டின ரசீது மூணையும் பத்திரத்தோட ஒரே பையில் வையுங்க. பத்து வருஷம் கழிச்சு மாடி கட்டும்போது தேடாம இருக்கலாம். மாடிக்குத் தனியா அனுமதி வாங்கணுங்கிறதையும் மறந்துடாதீங்க.

அக்கா தங்கைகளே, நம்மில் பாதிப் பேர் சித்தாள் வேலைக்குப் போனவங்க. லால்குடியிலேயும் திருச்சியிலேயும் ஸ்ரீரங்கத்திலேயும் எத்தனை வீட்டுக்குக் கல்லு சுமந்திருக்கோம், கலவை போட்டிருக்கோம். மேஸ்திரி டேப்பை நீட்டும்போது "ஏம்மா, இந்த முனையைப் பிடி"ன்னு சொல்வார். நாமளும் பிடிச்சிருக்கோம். நாம பிடிச்சது சுழியம் இருக்கிற முனை. அளவு படிக்கிற முனை எப்பவும் அவர் கையில்தான். எத்தனை அடின்னு அவர் சொல்லுவார், இன்னொருத்தர் எழுதுவார், நாம டேப்பை விட்டுட்டுச் சட்டியைத் தூக்குவோம்.

என் வீட்டுத் திருத்தின கோடு போட்ட அன்னைக்கு, மேஸ்திரி வழக்கம் போல சுழிய முனையை என்கிட்ட நீட்டினார். நான், "அண்ணே, இந்தத் தடவை நீங்க இதைப் பிடிங்க, நான் அந்தப் பக்கம் போறேன்"னேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே கொடுத்துட்டார். முப்பத்தஞ்சு அடின்னு நான் படிச்சேன், என் மகள் நோட்டில் எழுதினா. என் வீட்டுக்காரர் ஒண்ணும் பேசலை. ஆனா மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வீடு கட்டுறதைப் பத்தி விசாரிச்சப்போ, "அளவெல்லாம் எங்க வீட்டில் கேளுங்க"ன்னு உள்ளே கை காட்டினார்.

அதுக்கப்புறம் எங்க குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். குழுப் பணத்தில் ஒரு நூறு அடி டேப் வாங்கினோம். வீடு கட்டுற, ரூம் இழுக்கிற எந்த உறுப்பினருக்கும் குழுவிலிருந்து ரெண்டு பேர் போய்க் கூட நின்னு அளந்து, அளவை நோட்டில் எழுதிக் கொடுக்கணும். கடன் தொகை அதுக்கப்புறம்தான் முடிவு பண்றோம். இதுவரைக்கும் மூணு வீடு அளந்திருக்கோம். அதில் ஒரு வீட்டில் உள் அளவை வச்சுக் கடன் கேட்டிருந்தாங்க, கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டோம். அந்தத் தங்கச்சி ஒரு ரூமைக் குறைச்சுக்கிட்டா. அவ செயின் அவ கழுத்தில் இருக்கு.

உங்க குழுவிலேயும் ஒரு டேப் வாங்குங்கன்னு கேட்டுக்கிறேன். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்தில் இதை ஒரு பொருளா வையுங்க. கூப்பிட்டா நானும் வரேன்.

எங்க அத்தை இப்போ அந்தத் திண்ணையில்தான் படுக்கிறாங்க. சாயங்காலம் எங்க குழுக் கூட்டமும் அங்கதான் நடக்குது. பதினாலு பேர் உட்கார நூறு சதுர அடி தாராளமாப் போதும். பிளானிலேயும் அது இருக்கு, ஓரத்தில் என் கையெழுத்தும் இருக்கு.